மார்பளவு

துணி சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கணவன் நான்கைந்து சட்டைகளைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் போட்டபோது, அவள் முதலில் திட்டியது துணிக்கடைக்காரனைத்தான்.

"நயம் பருத்தின்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டான் பாருங்க. எவ்வளவு விடணும்?"

"ஒரு ரெண்டு இஞ்ச் விட்டாப் போதும். மார்ப் பக்கம் மட்டும்."

"மத்த இடமெல்லாம் சுருங்கலையாக்கும்?"

"அது என்னமோ, நான் என்ன துணியையா கேக்க முடியும்? நீ விடேன்" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைக்கூடத் தொடாமல் அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். டீயை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன்.

அந்தத் தெருவில் அவனுக்குப் பயில்வான் என்று பெயர். கோதாவில் இறங்கிக் குஸ்தி போட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமான புதிதில், மழைச் சேற்றில் சிக்கிக்கொண்ட ஒரு வேனின் பின்பக்கத்தைத் தனி ஆளாகத் தூக்கி நகர்த்திவிட்டான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வேனுக்குள் சரக்கு எதுவும் இல்லை, மறுபக்கம் டிரைவரும் தோள் கொடுத்தான் என்பதையெல்லாம் அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளும் காட்டிக்கொடுத்ததில்லை.

அவளைத் தெருவே டைலரக்கா என்று கூப்பிட்டது. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிஷின், துணி வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை, அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி மருந்துத் தொழிற்சாலை. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய சட்டையும், அவர்கள் மனைவிமாரின் ரவிக்கையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடையும் அவள் கையில்தான் உருவாயின.

ஆண் உடம்பு பருக்கிற வழி அவளுக்கு அத்துப்படி. முதலில் வயிறு, பிறகு கழுத்து, மார்பெல்லாம் கடைசியில்தான். கணவன் சட்டையைத் தையல் பிரித்துக்கொண்டே அவள் யோசித்தாள். வயிற்றுப் பக்கம் பொத்தான் எப்போதும் போல் லேசாகத்தான் விழுகிறது. பேன்ட்டைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. மார்பில் மட்டும் துணி இழுத்து இழுத்து, பொத்தான் துளை வாய் பிளந்திருக்கிறது. இதென்ன கூத்து?

யோசிக்க யோசிக்க வேறு சிலவும் நினைவுக்கு வந்தன. குளித்துவிட்டு இடுப்புத் துண்டோடு வீடெல்லாம் ஈரக்கால் வைத்து அவளிடம் திட்டு வாங்குகிறவன், இப்போதெல்லாம் குளியலறையிலிருந்தே கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வருகிறான். தினமும் சவரம் செய்தவன், மூன்று நாளைக்கு ஒருமுறைதான் கண்ணாடி முன் நிற்கிறான். அப்படியும் முகத்தில் முள் காணோம். படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். கடைசி விஷயத்துக்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எனக்கு வயசாகிவிட்டது, அவருக்கு அலுத்துவிட்டது. நினைத்துப் பார்த்தால் தையல் கோணிப்போகும். அதனால் நினைப்பதில்லை.

அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. சில மாதங்களாகவே மாதவிலக்கு அவள் சொல் பேச்சு கேட்பதில்லை. நினைத்தபோது வந்தது, வந்தால் போக மறுத்தது. மார்பு கனத்து வலித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்பது தாண்டியவளுக்கு இதெல்லாம் வருவதுதான் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆக, ஒரே வீட்டில் ஆளுக்கொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறை நாளன்று சட்டைகள் தயாராகிவிட்டன. "போட்டுக் காட்டுங்க" என்றாள்.

"சரியாத்தான் இருக்கும். உன் கை தப்பாதே."

"ஐஸ் வைக்காதீங்க. போட்டுக் காட்டுங்க."

அவன் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். இப்போதும் மார்பில் துணி இழுத்துத்தான் நின்றது. "நில்லுங்க, ஒரு அளவு எடுத்துடறேன்" என்று கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, அவன் கைக்கு அடியில் விட்டு, முன்பக்கம் இழுத்துப் பிடித்தாள். அவ்வளவுதான். "ஆ!" என்று அலறிக்கொண்டு பயில்வான் மேசை ஓரம் வரை பின்வாங்கினான். கத்தரிக்கோல் கீழே விழுந்து சத்தம் போட்டது.

"என்னங்க ஆச்சு? நான் அழுத்தக்கூட இல்லையே!"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. போ."

அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திரும்பி வந்து, அவனுடைய சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவன் தடுக்கவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி நின்றான்.

மார்புக் காம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் வீங்கி எழும்பியிருந்தது. கொழுப்பு இல்லை. வயதுக்கு வருகிற பெண்ணுக்கு வருவது போலவே திரண்டு, தொட்டால் உள்ளே ஒரு கட்டி உருண்டது.

"எவ்வளவு நாளா?"

"ஆச்சு. ஆறேழு மாசம் இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? முதல்ல புத்துநோயோன்னு பயந்தேன். அப்புறம் ரெண்டு பக்கமும் வந்துச்சு. அப்புறம்..." அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. "டைலரம்மா, நான் பொம்பளையா மாறிட்டு இருக்கேனா? மத்ததுக்கும் தெம்பு இல்லாமப் போச்சு. அதனாலதான் உன் பக்கத்துலயே வரல. நீ கேட்டுட்டா என்ன பதில் சொல்றதுன்னு."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்ததற்காக வெட்கமும் வந்தது. ஆக, அலுத்துப்போகவில்லை.

"மாறினாத்தான் என்ன? மாவாட்டற வேலையில பாதி எனக்கு மிச்சம்" என்றாள். பிறகு, வலிக்காத இடமாகப் பார்த்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"நான் வரமாட்டேன். அந்த டாக்டரம்மா முன்னாடி சட்டையக் கழட்டச் சொன்னா என் மானம் போயிடும்."

"எனக்கும் ஒண்ணு இருக்கு. நீங்க வந்தீங்கன்னா நானும் காட்டிக்கிறேன்" என்று சொல்லி, தன் மடியிலிருந்ததையும் அவிழ்த்துவிட்டாள். கேட்டதும் அவனுக்குத் தன் மார்பு மறந்துபோயிற்று. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயே என்று அவளைத் திட்டத் தொடங்கினான். திட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நடுவில் அவன் சட்டை திறந்தே கிடந்தது அவனுக்கு நினைவே இல்லை.

டாக்டரம்மாவின் கிளினிக் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியில் இருந்தது. ஆணி, பெயின்ட் வாசனைக்கு நடுவே படியேறிப் போக வேண்டும். அந்த அம்மா அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார். குடிப்பழக்கம் உண்டா, மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா, உடம்பைத் தேற்ற ஏதாவது பவுடர், ஊசி என்று எடுத்ததுண்டா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினான். பிறகு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"மாத்திரை கம்பெனிங்க. பவுடர் கலந்து மிஷின்ல கொட்டறது."

"என்ன மாத்திரை?"

"முன்னாடி காய்ச்சல் மாத்திரை. இப்ப ஒன்றரை வருஷமா புது பில்டிங்ல போட்டிருக்காங்க. சின்ன வெள்ளை மாத்திரை. பொம்பளைங்க பிள்ளை வேணாம்னு சாப்பிடறது."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "பவுடர் மேல படுமா?"

இதற்கு அவள் பதில் சொன்னாள். "படுமாவா? வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடலெல்லாம் வெள்ளையா இருக்கும் டாக்டர். மாவு மில்லுக்காரர் வந்துட்டார்னு நான் கேலி பண்ணுவேன். வேலை உடுப்பைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் உதறித்தான் தண்ணியிலயே போடுவேன்."

"நீங்கதான் துவைப்பீங்களா? கையாலயா?"

"ஆமா டாக்டர். வேற யாரு?"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹார்மோன்னு ஒண்ணு ரத்தத்துல ஓடுது. அளவுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல, இத்துனூண்டுதான். ஆனா யாருக்கு மீசை முளைக்கணும், யாருக்கு மாசா மாசம் வரணும்னு அந்த இத்துனூண்டுதான் முடிவு பண்ணுது. ஆம்பளைக்கானது, பொம்பளைக்கானதுன்னு அதுல ரெண்டு வகை. ஆம்பளை உடம்புல ரெண்டும் இருக்கும். பொம்பளை உடம்புலயும் இருக்கும். எது எவ்வளவுங்கறதுதான் கணக்கு. உங்க கம்பெனி மாத்திரையில அந்த மருந்து ஒரு தூசி அளவுதான் இருக்கும். அந்தத் தூசியே ஒரு முழுப் பொம்பளை உடம்பைத் தன் சொல்படி கேக்க வைக்குது. நீங்க என்ன பண்றீங்க? அதை மூட்டையாக் கொட்டிக் கலக்கறீங்க. மூச்சுல உள்ள போகுது, தோல் வழியாவும் போகுது. மிச்சத்தை உடுப்புல கட்டி வீட்டுக்குக் கொண்டுவர்றீங்க. இவங்க உதறி, துவைச்சு, பாதியை வாங்கிக்கறாங்க."

பயில்வான் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அவன் முகம் போன போக்கை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டாள். தனக்கு வந்ததைக் கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை.

"நான்தான் கொடுத்தேனா இவளுக்கு?"

"நீங்க கொடுக்கல. உங்க மேல ஒட்டி வந்தது" என்றார் டாக்டரம்மா. "எனக்கு இது சந்தேகம்தான். ரத்தம் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். உங்க செக்‌ஷன்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"இல்லைங்க. எனக்கு மட்டும்தான்" என்றான் அவன், அடித்துச் சொல்கிற மாதிரி.

திரும்பும் வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே என் உடுப்பை நீ தொடக்கூடாது" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் அது விழவில்லை.

"ஏங்க, நெட்டையன் சம்சாரம் போன மாசம் ஆறு சட்டை கொண்டுவந்தா. மார்ல பெரிசு பண்ணணும்னு சொன்னா. கேட்டா, தண்ணி சரியில்ல, துணி சுருங்கிடுச்சுன்னா."

"சரி, அதுக்கு?"

"நீங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடற பையன் இருக்கானே, புதுசாக் கல்யாணமானவன். அவன் ரெண்டு சைஸ் தொளதொளன்னு தைக்கச் சொன்னான். இப்ப அதான் ஸ்டைல் அக்கான்னான். நானும் நம்பித் தைச்சுக் கொடுத்தேன்."

பயில்வான் டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்தான். இரண்டு பேரும் அவனோடு அதே அறையில் வேலை பார்க்கிறவர்கள். நெட்டையன் மிஷின் ஓட்டுகிறான். செக்‌ஷனில் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற பையன் சலித்துக் கொடுக்கிறான். மூன்று பேரும் ஒரே அறையில் உடுப்பு மாற்றுகிறார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நான்கூட அவங்களுக்கு என்னமோ புதுசா வெக்கம் வந்துடுச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றான் பயில்வான்.

அடுத்த விடுமுறைக்கு இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டான். செக்‌ஷன் சூப்பர்வைசரையும் கூப்பிட்டான். அவரை விட்டுவிட்டுப் பேசினால் முதுகுக்குப் பின்னால் பேசியதாகிவிடும் என்பது அவன் எண்ணம். சூப்பர்வைசர் சிரிக்கத் தெரியாத மனிதர். கோடை வெயிலிலும் சட்டைக்கு மேல் ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வருவார்.

ஆண்கள் மனம் விட்டுப் பேசட்டும் என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். போனாளே தவிர, காதை முன்னறையிலேயே விட்டுவிட்டுத்தான் போனாள். நெடுநேரம் அங்கே வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பஸ் சரியாக வராததைப் பற்றி. பிறகு மறுபடியும் வெயிலைப் பற்றி. அடக் கடவுளே, இந்த மனுஷன் விடிய விடிய வெயிலைப் பற்றியே பேசுவான் போலிருக்கிறதே என்று அவள் டீத்தூளை இரண்டு தரம் போட்டுவிட்டாள்.

அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "எனக்குப் பேச வரல. பாத்துக்கங்க" என்றான் பயில்வான். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அவன் சட்டையைக் கழற்றிவிட்டான் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. சேற்றில் நின்ற வேனைத் தூக்கியதெல்லாம் ஒரு தூக்கலா? இது அல்லவா தூக்கல் என்று நினைத்துக்கொண்டாள். கண் மறைத்தது.

டாக்டரம்மா சொன்னதை அவன் தனக்குப் புரிந்த மட்டில் சொன்னான். மனைவிக்கு வந்ததையும் சொன்னான். முதலில் எழுந்தவர் சூப்பர்வைசர்.

"சோறு போடற இடத்தைப் பத்தி இப்படிக் கதை கட்டாதீங்க. எனக்கு அப்படி எதுவும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். போன வேகத்தில் பயில்வானின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முழம் நீளச் செருப்பு. தெருமுனையில் தடுக்கி, திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தன் செருப்பை மாற்றிக்கொண்டு போனார்.

அந்த நேரத்தில்தான் நெட்டையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "என்னுதைப் பாருய்யா, உன்னைவிடப் பெரிசு" என்றான். அதைக் கேட்டதும் மாப்பிள்ளை விசும்பி விசும்பி அழத் தொடங்கினான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, இரு வீட்டிலும் விசேஷம் உண்டா விசேஷம் உண்டா என்று துளைக்கிறார்கள், என் பெண்டாட்டி மேல் பழியைப் போடுகிறார்கள், குறை என்னிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றான். "குறை உன்கிட்ட இல்லடா, அந்தப் பவுடர்கிட்ட" என்று பயில்வான் சொன்னது கேட்டது.

"டைலரம்மா, டீ கொண்டா" என்று அழைப்பு வந்தபோது அவள் தட்டோடு போனாள். மூன்று பேரும் அவசரத்தில் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, கோணல் மாணலாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. டீ கசந்தது, யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

மூன்று பேருடைய ரத்தத்தையும், அவளுடையதையும் டாக்டரம்மா பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். ஆண்களுக்கு இருக்க வேண்டிய ஹார்மோன் தரைதட்டிக் கிடந்தது. மாத்திரையில் இருக்கும் மருந்து மூன்று பேர் ரத்தத்திலும் இருந்தது. அவள் ரத்தத்திலும்தான், கொஞ்சமாக. இனிச் சந்தேகம் இல்லை என்றார் டாக்டரம்மா. அந்த அறையை விட்டு வெளியே வந்தால் ரத்தம் சீக்கிரமே தெளிந்துவிடும், மற்றதெல்லாம் மெல்ல மெல்லத்தான் திரும்பும், கட்டி பழசாகி இறுகிப்போயிருந்தால் மட்டும் ஆபரேஷன் என்று விளக்கினார். மேனேஜரைப் பார்க்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னார்.

"நானும் வரேன்" என்றாள் அவள்.

"நீ எதுக்கு?" என்றான் பயில்வான்.

"நான் அந்தக் கம்பெனியில சம்பளம் வாங்கலைங்க. மாஸ்க் போட்டியா, கையுறை போட்டியான்னு என்னைக் கேக்க முடியாதில்ல?"

அவன் அவளைப் பார்த்தான். இதை எங்கே வைத்திருந்தாய் இத்தனை நாள் என்பது போல ஒரு பார்வை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சின்ன வயதுக்காரர். எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மேனேஜர் கேட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்திருக்கோம் டாக்டர். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லையே. வீட்டுல வேற ஏதாவது காரணம் இருக்கலாம். சாப்பாடு, வேற மருந்து..."

"நான் உங்க மாத்திரையைச் சாப்பிட்டதில்ல சார்" என்றாள் அவள். "பார்த்ததுகூட இல்ல. இவர் உடுப்பைத் துவைச்சேன், அவ்வளவுதான். அது எப்படி என் ரத்தத்துக்குள்ள வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு செக்‌ஷன்ல நாலு பேர் வேலை செய்யறாங்க. அதுல மூணு பேர் சொல்றாங்க. எங்க சூப்பர்வைசர் தினமும் அங்கேயேதான் இருக்கார். அவருக்கு ஒண்ணும் இல்லையே?"

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். மடித்து, கையில் போட்டுக்கொண்டார். கோட்டு இல்லாமல் அவரை யாரும் அதுவரை பார்த்ததில்லை. சட்டைக்கு உள்ளே துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது வெளியிலேயே தெரிந்தது.

"எனக்கும் இருக்கு சார். எல்லாரையும்விட எனக்குத்தான் ஜாஸ்தி. வேற ஊர் ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வச்சிருக்கேன்" என்றார். பயில்வான் பக்கம் திரும்பி, "அன்னிக்கு உன் வீட்டுல பொய் சொல்லிட்டேன்" என்றார்.

பயில்வான் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று நடந்துவிடவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், காற்றில் தூசி அளந்தார்கள், போனார்கள்; மறுபடியும் வந்தார்கள். புது பில்டிங்கைக் கொஞ்ச காலம் பூட்டியே வைத்தார்கள். திறந்தபோது, பவுடர் கொட்டுகிற வேலையை மூடிய குழாய்க்குள் போட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்களுக்குக் குழாய் வழியாகக் காற்று வருகிற தலைக்கவசம் வந்தது. வேலை உடுப்பு இனி வாசலைத் தாண்டக்கூடாது, அங்கேயே துவைக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்றானது. சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பதும், ஆளை மாற்றி மாற்றிப் போடுவதும் வழக்கமாயிற்று. பழைய நால்வரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. பயில்வானுக்கு அது பிடிக்கவில்லை. நாளெல்லாம் பசை, பசை என்று புலம்பினான். அவள் அந்தப் பசை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள். வெறும் மாவுப் பசைதான் என்று தெரிந்த பிறகே விட்டாள்.

அவளுக்குச் சீக்கிரமே சரியாயிற்று. அவனுக்கு மெல்லத்தான். முதலில் வலி போனது. பிறகு முகத்தில் முள் குத்தத் தொடங்கியது. "ஐயோ, சொரசொரன்னு இருக்கே!" என்று அவள் சொன்னதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அன்று முழுக்க விசிலடித்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது எப்போது நின்றது என்று அவர்களுக்கே நினைவில்லை. இடது மார்பில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி மட்டும் தங்கிவிட்டது. வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அவன் மனைவியைப் பார்த்தான். "உங்க உடம்பு, உங்க இஷ்டம்" என்றாள். அவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மாப்பிள்ளை வீட்டில் இன்னும் விசேஷம் இல்லை. ஆனால் அவன் இரு வீட்டாரையும் உட்காரவைத்து, தன் வாயாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டான். ஹார்மோன் கணக்கு மெல்ல ஏறி வருகிறது, பொறுத்திருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நெட்டையன் வழக்கம் போல, "ஏறினதும் சொல்லுடா, நான் வந்து தொட்டில் கட்டறேன்" என்கிறான்.

சூப்பர்வைசருக்கு ஆபரேஷன் நடந்த மறுநாள் கணவனும் மனைவியும் பஸ் பிடித்துப் பார்க்கப் போனார்கள். கையைத் தூக்க முடியாதே என்று அவள் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, தோளிலும் முடிச்சு வைத்து, மெத்தென்ற துணியில் இரண்டு சட்டை தைத்துக் கொண்டுபோயிருந்தாள். சூப்பர்வைசர் மார்பெல்லாம் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "தையல் நேரா இருக்கு" என்றார்.

"இதுக்குமேல அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்ல" என்று பயில்வான் மனைவியின் காதில் சொன்னான். சூப்பர்வைசருக்கு அது கேட்டுவிட்டது. அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்புதான் என்று பயில்வான் திரும்பும் வழியெல்லாம் சாதித்தான். வலியாக இருக்கும் என்று அவள் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவன் அவள் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடத் தொடங்கினான். முன் இருக்கைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். தோள் மரத்துப்போயிற்று. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, அவள் பார்த்தாள். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், கதவு மூடியது, பஸ் கிளம்பியது. அதற்கும் அடுத்த நிறுத்தத்தில்தான் எழுப்பினாள்.

"என்ன, தாண்டிட்டோமா?" என்று அவன் பதறினான். "முன்னாடியே எழுப்ப வேண்டியதுதானே?"

"நானும் தூங்கிட்டேங்க" என்றாள் அவள்.